சனியும் சூப்புச் சட்டியும்

“சனி இன்னிக்கும் சேரலடி.”

வெல்ஸ் ஊர் லத்தீன் பள்ளி வாத்தியார் அம்புரோஸ் தினமும் மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்து, சுவரில் மாட்டிய நரம்புப் பலகையை மீட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வது இதைத்தான். பன்னிரண்டு வருஷமாக. மனைவி வால்புர்காவுக்குக் காது புளித்துவிட்டது.

கிரகங்கள் ஓடும் வேகத்தில் ஸ்வரம் இருக்கிறது, எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பது அவர் நம்பிக்கை. வட்டமும் கோணமும் போட்டுக் கணக்கெடுத்து, அந்தப் பலகையில் அவர் அறிந்த ஆறு கிரகத்துக்கும் ஆறு ஆட்டு நரம்பு கட்டியிருந்தார். அது கொள்ளும் இடம் வீட்டில் சமையலறைச் சுவர் ஒன்றுதான். விடிந்ததும் ஆறையும் ஒரே சுருதிக்கு முறுக்கிவிட்டுப் பள்ளிக்கு ஓடுவார். மத்தியானம் வந்து, கணக்குப்படி நரம்புக்கு அடியில் இருக்கும் கட்டைகளை நகர்த்தி மீட்டுவார். ஐந்து பொருந்தும். அடுப்போரம் இருக்கும் கடைசி நரம்பான சனி மட்டும் விலகும். உடனே கணக்கில் தப்பென்று திருத்த உட்கார்ந்துவிடுவார்.

இந்த வருஷம் மனுஷன் சோர்ந்துவிட்டார். ஏசு சிலுவையில் மாண்ட பெரிய வெள்ளிக்குள் சேராவிட்டால் மறுநாள் கணக்குக் காகிதம் எல்லாவற்றையும் அடுப்பில் போடுவதாகச் சொல்லிவிட்டார். காகிதப் பெட்டி காலியாகுமே, துணி வைக்கலாமே என்றுதான் வால்புர்கா முதலில் நினைத்தாள். ஆனால் அவர் சாப்பாட்டையும் குறைத்தபோது துணி நினைப்பை விட்டுவிட்டு, அவர் கிண்ணத்தையே கவனிக்க ஆரம்பித்தாள்.

பெரிய வெள்ளியன்று ஊரில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. காய்ந்த ரொட்டியும் உப்பு மீனும்தான். அம்புரோஸ் கோயிலிலிருந்து வந்து, கடைசித் தடவை என்று, முதன்முதலில் போட்ட கணக்கின்படியே கட்டைகளை வைத்து மீட்டினார். ஆறும் பொருந்தின. அவர் முழங்காலிட்டு அழுதார். ஆண்டவர் இரங்கிவிட்டாராம்.

வால்புர்கா பலகையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள்.

“எந்திரிங்க. ஆண்டவரை அப்புறம் பாத்துக்கலாம். இன்னிக்கு நான் சட்டி வைக்கல, அதான்.”

“உளறாதடி.”

“சனி மேல பன்னெண்டு வருஷமா பழி போட்டீங்களே, என் சூப்பு ஆவி எங்க போய் ஒட்டுதுன்னு ஒரு நாளாவது பாத்தீங்களா? படிச்ச மனுஷன்தான நீங்க?”

மறுநாள் அவர் சுருதி கூட்டியதும் பார்லி சூப்பு கொதிக்கவிட்டாள். ஒரு மணி நேரத்தில் ஆவியில் ஊறிச் சனி விலகியது. அம்புரோஸ் வாய்விட்டுச் சிரித்தார். முதன்முதலில் போட்ட கணக்கே சரி! அன்று மூன்று கிண்ணம் சூப்பு குடித்தார். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இப்போது பலகை படுக்கையறையில் இருக்கிறது. கட்டில் சமையலறையில். வெல்ஸ் பக்கம் போனால் அவர்களைப் போய்ப் பாருங்கள். சனி பாடுவதைக் கேட்டுவிட்டு, சூப்பும் குடித்துவிட்டு வாருங்கள். கிண்ணத்தை மட்டும் பலகை இருக்கும் அறைக்குள் எடுத்துப் போகாதீர்கள், வால்புர்கா பிடுங்கிவிடுவாள்.