படகில் ஏறி வந்த பிளட் பேங்க்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லியில் கை வைக்கிறேன், மைசூர் மண்டி மொஹல்லா வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது. எட்டிப் பார்த்தால்... ராமாபுரத்திலிருந்து அக்கா.

அக்கா சும்மா வரமாட்டாள். அவள் மகள் கவிதா நர்ஸ். மாலத்தீவில், இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை தெரிகிற ஒரு குட்டித் தீவில் வேலை. அதை விட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டும் — அதுதான் அஜெண்டா. மைசூரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் நான் அவளுக்கு வேலைகூடப் பேசி வைத்திருந்தேன்.

"நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா. நீயும் பக்கத்துல உக்காந்து சொல்லு. கடலுக்கு நடுவுல அப்படி என்ன கொட்டிக் கிடக்குது?" என்றாள் அக்கா.

வீடியோ கால் போட்டோம். எடுத்தாள். ஆனால் திரையில் முகம் இல்லை — வானம், மணல், ஓடுகிற கால்கள்...

"அம்மா, எமர்ஜென்சி. நிறைமாசப் பொண்ணு, ரத்தம் போயிட்டே இருக்கு. பெரிய தீவுக்குக் கொண்டு போகணும்." சொன்னவள் போனை கட் செய்யாமலே பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

அங்கே இருப்பது சின்ன ஹெல்த் சென்டர். ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ். ஆபரேஷன் தியேட்டர் கிடையாது. ரத்தம் சேமித்து வைக்கிற வசதியும் கிடையாது. ஆம்புலன்ஸ் என்றால் ஸ்பீட் போட். நாம் டிராஃபிக்கைத் திட்டுவோம்... அவர்கள் அலையை யாரிடம் போய்த் திட்டுவது?

கொஞ்ச நேரத்தில் போன் வெளியே வந்தது. படகுத்துறை. படகில் ஸ்ட்ரெச்சர். அதைச் சுற்றி ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள் — லுங்கி கட்டிய மீனவர், ஒரு ஸ்கூல் டீச்சரம்மா, கட்டட வேலைக்கு வந்த பங்களாதேஷ்காரர்.

"இவங்கெல்லாம் சொந்தக்காரங்களா கண்ணு?"

"இல்லம்மா. அந்தப் பொண்ணோட பிளட் குரூப் உள்ளவங்க. மெசேஜ் போட்டோம், ஓடி வந்துட்டாங்க. போற இடத்துல ரத்தம் பத்தலைன்னா குடுக்கணுமில்ல? எங்க ஊர்ல எப்பவும் இப்படித்தான்."

'எங்க ஊர்' என்கிறாள் ராமாபுரத்துப் பெண். கவனித்தீர்களா? அதற்குள் படகு கிளம்பியது. சிக்னல் போய்விட்டது.

நமக்கும் அந்த மெசேஜ் வரத்தானே செய்கிறது? 'அவசரம், ரத்தம் தேவை'. உடனே நாலு குரூப்புக்கு ஃபார்வர்ட், கூடவே கைகூப்பும் பொம்மை... கடமை முடிந்தது. அந்த நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா? பார்க்கிங் வசதியைப் பார்த்து ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கிற ஆட்கள் நாம். அந்தத் தீவில் பிளட் பேங்க் கிடையாது. ஆனால் பிளட் பேங்க் தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு படகில் ஏறி வருகிறது.

அக்கா இட்லியைத் தொடவில்லை. பெயர்கூடத் தெரியாத அந்தப் பெண்ணுக்காக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்.

"டேய், படகு போய்ச் சேர்ந்திருக்குமா?"

எனக்கென்ன தெரியும்? சத்தியமாகச் சொல்கிறேன், கிரிக்கெட் ஃபைனலுக்குக்கூட எனக்கு இப்படிப் படபடத்ததில்லை.

மத்தியானம் போன் அடித்தது. கவிதா. தலையெல்லாம் கலைந்து, வாயெல்லாம் பல்.

"பொம்பளப் புள்ளம்மா. ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. தாயும் நல்லா இருக்கா. கூட வந்தவங்க ரத்தம்தான் கைகுடுத்துச்சு."

பின்னால் டீச்சரம்மா ஜூஸ் குடித்தபடி கையை ஆட்டினார். நான் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர், "ஏனாய்த்து சார்?" என்று கன்னடத்தில் பதறி இறங்கி வந்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை, குழந்தை பிறந்திருக்கிறது என்றேன். யாருக்கு என்று கேட்டார். "எங்க ஊர்ப் பொண்ணுக்கு" என்றேன்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா, காலைல என்னமோ சொல்லணும்னு கூப்பிட்டீங்களே... என்னது?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. சாப்பிட்டியான்னு கேக்கத்தான்."

அதைக் கேட்கத்தான் ராமாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள்!