இரண்டு மில்லிமீட்டரும் ஒரு பொட்டும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் இடையிலுள்ள ஒரு கல்லூரி மண்டபத்தில் நடந்தது இது. தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான மாநில அளவிலான ரோபோ போட்டி. நான் ஒரு குழுவின் பயிற்சியாளராகப் போயிருந்தேன்.

அதற்கு முன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாங்கத் துறை ஒன்றின் மின்சாரப் பிரிவில் இருந்தேன். வந்து சேரும் விண்ணப்பப் பாரங்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலையின் பெரும்பகுதி. ஓய்வு பெற்ற அன்று நடந்த விருந்தில், இனிமேல் பாரம் திரும்பி வராது என்று நினைத்தால் தனக்குக் கையே ஓடவில்லை என்றார் சக ஊழியர் ஒருவர். எல்லோரும் கைதட்டினார்கள். அது எதற்கான கைதட்டல் என்று நான் விசாரிக்கவில்லை.

வீட்டில் சும்மா இருக்க முடியாமல், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இருக்கும் ரோபோ பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். பள்ளிகள் கேட்டால் நிலையம் பயிற்சியாளர்களை அனுப்பும். அங்கிருந்த இளைஞர்களுக்கு ரோபோ என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் போட்டி விதிப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்த ஒரே ஆள் நான்தான். என்னை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான் என்று நிலையத்தின் உரிமையாளர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

கிள்ளான் தமிழ்ப்பள்ளி ஒன்றின் மூன்று பிள்ளைகளை என்னிடம் ஒப்படைத்தார்கள். குழுத் தலைவி ஆறாம் ஆண்டு மாணவி. அதிகம் பேச மாட்டாள். அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுவாள் என்பதால், இந்தப் பிரிவில் அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. மாநிலத்தில் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம்.

ரோபோ செய்ய வேண்டியது இதுதான்: தரையிலுள்ள கறுப்புக் கோட்டைப் பிடித்துப் போய், வண்ணக் கட்டைகளை எடுத்து, அதே வண்ணக் கட்டத்தில் வைக்க வேண்டும். கோட்டையும் வண்ணத்தையும் பார்ப்பதற்கு அடியில் ஒரு சென்சர் உண்டு. அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று குழுத் தலைவி இரண்டு வாரம் சோதித்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். பிஸ்கட் பெட்டி அட்டையை மடித்து ஓர் அளவுத் துண்டு செய்து வைத்திருந்தாள். அது சென்சருக்கு அடியில் சரியாக நுழைந்து வெளியே வந்தால் உயரம் சரி.

எனக்கு அந்த உயரம் அதிகம் என்று பட்டது. இரண்டு முறை சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு மாற்றாமல் விட்டாள். போட்டிக்கு முந்தின நாள் மாலை பிள்ளைகள் பள்ளி வேனில் ஏறிப் போனதும், நிலையத்தில் தனியாக உட்கார்ந்து, சென்சரை இரண்டு மில்லிமீட்டர் கீழே இறக்கித் திருகாணியை முடுக்கினேன். பயிற்சியாளர் ரோபோவைக் கட்டவோ மாற்றவோ கூடாது என்பது விதி. எத்தனையாவது பக்கம் என்பதுகூட எனக்குத் தெரியும். இது மாற்றம் அல்ல, பராமரிப்பு என்று எனக்கு நானே ஒரு குறிப்பு எழுதி ஒப்புதல் கொடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில் டெங்கில் பக்கமிருந்து வந்த ஒரு பள்ளியின் குழு நின்றிருந்தது. அந்தக் குழுவில் ஒரு பையனின் அம்மா, புதுக் காருக்குச் செய்வதுபோலத் தங்கள் ரோபோவின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம் பழம் வைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் அவை சின்ன எலுமிச்சையான கஸ்தூரிக் காய்கள். பெரிய பழம் சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்திருக்கும். எங்கள் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பதைக் கண்டதும் கூப்பிட்டார்.

"உங்களுதையும் கொண்டாங்கடா. சாமி எல்லாருக்கும் பொதுதானே."

முதலில் எங்கள் ரோபோவுக்குத்தான் சந்தனமும் குங்குமமும் வைத்தார். தங்களுடையதை நோக்கித் திரும்புவதற்குள் ஒலிபெருக்கியில் குழுக்களை அழைத்துவிட்டார்கள். அவர்களுடைய ஆசிரியை ரோபோவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அதற்குப் பொட்டு வைக்கவில்லை.

எங்கள் குழுத் தலைவி வரிசையில் நின்றபடியே சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துச் சென்சருக்கு அடியில் நுழைத்தாள். அது நுழையவில்லை. என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அட்டையை மறுபடி பையில் போட்டுக்கொண்டாள். நான் வானிலை பற்றி ஏதோ சொன்னேன்.

போட்டியில் இரண்டு ஓட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ரோபோக்களைச் சோதித்து ஒரு நீள மேசையில் வரிசையாக வைத்துவிடுவார்கள். மேசையைச் சுற்றிக் கயிறு. அழைக்கும்வரை யாரும் தொடக் கூடாது. தொட்டால் அந்த ஓட்டம் செல்லாது. முதல் ஓட்டத்தில் டெங்கில் குழுவின் ரோபோ ஒரு வளைவில் தடுமாறியது. எங்களுடையது ஓரளவு நன்றாக ஓடியது. இரண்டாம் ஓட்டத்துக்காக ரோபோக்கள் மேசையில் இருந்தபோது, அந்த அம்மா கயிற்றோரம் வந்தார். அக்கம்பக்கம் பார்க்கக்கூட இல்லை. குனிந்து, கையை நீட்டி, தங்கள் ரோபோவின் தலையில் ஒரு பொட்டு வைத்தார். கண்ணை மூடிக் கும்பிட்டார்.

நான் ஐந்தடி தூரத்தில் நின்றிருந்தேன். அவர் கையை நீட்டத் தொடங்கியதிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஓட்டத்தில் அவர்களுடைய ரோபோ ஒரு பிழையும் செய்யவில்லை. பலகையில் புள்ளிகள் வந்தபோது அவர்கள் இரண்டாம் இடம், நாங்கள் மூன்றாம் இடம். ஆட்சேபம் தெரிவிக்கப் பதினைந்து நிமிட அவகாசம் உண்டு. நான் பாரத்தை வாங்கி, நல்ல மலாயில், விதி எண்ணோடு நிரப்பி, ஆறாவது நிமிடத்தில் தலைமை நடுவரிடம் கொடுத்தேன். அவர் ரோபோவைப் போய்ப் பார்த்தார். பொட்டு இன்னும் ஈரமாக இருந்தது. கேட்டதும் அந்த அம்மா ஒளிக்காமல் ஆமாம் என்றார். அவர்களுடைய இரண்டாம் ஓட்டம் செல்லாது என்று அறிவித்தார்கள். நாங்கள் இரண்டாம் இடத்துக்கு ஏறினோம். எங்கள் பையன்கள் இருவரும் குதித்தார்கள். அந்த அம்மாவின் மகன் சட்டை நுனியால் ரோபோவின் தலையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பொட்டு போன பிறகும் துடைத்தான்.

சற்று நேரத்தில் அந்த அம்மா நேராக என்னிடமே வந்தார். புகார் கொடுத்தது யார் என்று அவருக்குத் தெரியாது.

"அங்கிள், உங்களுக்கு ரூல்ஸ் எல்லாம் நல்லா தெரியும்னு டீச்சர் சொன்னாங்க. நடுவருகிட்ட கொஞ்சம் பேசிப் பாக்குறீங்களா? தப்பு என்னோடதுதான். பிள்ளைங்க ஒன்னும் பண்ணல."

நடுவரின் முடிவுக்கு மேல்முறையீடு இல்லை என்று சொன்னேன். அது உண்மை. என் அலுவலகக் குரலில் சொன்னேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் குழுத் தலைவி பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். அந்த அட்டைத் துண்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவங்க பொட்டுதான் சார் வச்சாங்க. நம்ம சென்சர யாரு எறக்கனது?"

நான்தான் என்றேன்.

"தெரியும் சார். நீங்களே சொல்லுவீங்கன்னு காலையிலருந்து பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. ஒரு பாரத்தில் விடுபட்ட கையெழுத்தைச் சுட்டிக்காட்டுவதுபோலச் சொன்னாள். ஆயிரம் பேருக்கு நான் அப்படிச் சுட்டிக்காட்டியிருக்கிறேன். எனக்கு யாரும் காட்டியதில்லை.

நான் நடுவரிடம் சொன்னால் நம் புள்ளிகள் போய்விடும், தேசியப் போட்டிக்குப் போக முடியாது என்று மூவரிடமும் சொன்னேன். பையன்களில் ஒருவன் அழத் தொடங்கினான். அவள் மட்டும் அட்டையைப் பார்த்தபடி, "அடுத்த வருஷம் நான் இருக்க மாட்டேன்" என்றாள். பிறகு, "போய்ச் சொல்லுங்க சார்" என்றாள். அந்தப் பிள்ளைகளிடம் அனுமதி கேட்பதுபோல நின்றதே தவறு என்று இப்போது தோன்றுகிறது. கேட்காமலே எழுந்து போயிருக்க வேண்டும்.

இன்னொரு பாரம் வாங்கி, என் பெயரை நானே எழுதிக் கொடுத்தேன். நடுவர் இரண்டு முறை படித்துவிட்டு, நிச்சயம்தானா என்று கேட்டார். எங்கள் இரண்டு ஓட்டங்களும் செல்லாமல் போயின. அப்படியானால் டெங்கில் குழுவுக்கு அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன். முடியாது, உங்கள் முதல் ஆட்சேபம் சரியானதுதானே என்றார். நான் எழுதிய இரண்டு பாரங்களிலும் ஒரு பிழைகூட இல்லை. முதலில் நான்காம் இடத்தில் இருந்த வேறொரு பள்ளி தேசியப் போட்டிக்குப் போனது.

கார் நிறுத்துமிடத்தில் அந்த அம்மாவைத் தேடிப் போய், புகார் கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"நான் கைய நீட்டறப்போ நீங்க அங்கதானே நின்னீங்க அங்கிள்? வைக்காதம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வச்சிருக்க மாட்டேனே."

அவ்வளவுதான். மகனைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கஸ்தூரிக் காய்களில் ஒன்று மட்டும் தரையில் நசுங்கிக் கிடந்தது.

அடுத்த வாரம் மூன்று பிள்ளைகளின் வீடுகளுக்கும் நேரில் போனேன். ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கேட்டைத் திறக்கவில்லை. குழுத் தலைவியின் வீட்டில் அவளுடைய அப்பா, மகள் எல்லாவற்றையும் ஏற்கெனவே சொல்லிவிட்டாள் என்று மட்டும் சொன்னார். பக்கத்து அறையில் அவள் ரோபோவைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். சென்சர் பழைய உயரத்துக்குப் போயிருந்தது. அட்டை அதன் அடியில் தடையில்லாமல் போய் வந்தது. நிலையத்தில் கொடுத்த ராஜினாமாக் கடிதத்தை உரிமையாளர் ஏற்கவில்லை. விதிப் புத்தகம் படிக்க வேறு ஆள் கிடைக்கவில்லையாம்.

இப்போதும் போட்டிகளுக்குப் போகிறேன். ரோபோ பிள்ளைகளின் கையில் இருக்கும் நேரமெல்லாம் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். மேசையோரம் போய் நிற்கிறேன். யாராவது கயிற்றைத் தாண்டிக் கை நீட்டினால், எந்தப் பள்ளி என்று பார்ப்பதற்கு முன்பே, "தொடாதீங்கம்மா" என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும், அன்று ஐந்தடி தூரத்தில் நின்று நான் விழுங்கிவிட்ட அந்த ஒரு வார்த்தைதான் இத்தனை தாமதமாக வெளியே வருகிறது.