பாரிசுக்குப் போன வஞ்சிரக் குழம்பு

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் ரோசாவுக்கு எந்த ஊரும் கிலோமீட்டரில் தூரமில்லை. ஐஸில்தான் தூரம். காலாப்பட்டிலிருந்து ஒரு கூடை மீன் வரக் கால் கட்டி ஐஸ், கடலூர் என்றால் அரைக் கட்டி. சென்னையைத் தாண்டி அந்தக் கணக்கு போனதில்லை. அவளும் போனதில்லை.

அப்படிப்பட்டவள் போன மாதம் பாரிசுக்குக் கிளம்பினாள். அங்கே இருக்கும் மகள் லினெட் மாசமாக இருக்கிறாள். எதைத் தின்றாலும் வாந்தி. அம்மா வைக்கும் வஞ்சிரக் குழம்பு மட்டும் வேண்டுமாம்.

அடுத்த வீட்டுக்காரியான என்னிடம் டிக்கெட்டை நீட்டினாள். "ராத்திரி ஒரு மணிக்கு ஏறுறேன், காலைல எட்டுக்கு எறங்குறேன். ஏழு மணி நேரந்தானே, கொழம்பு தாங்கும்க்கா."

"ஏறுறது நம்ம ஊரு மணி, எறங்குறது அவங்க ஊரு மணிடி. அவ மத்தியான சாப்பாட்டுக்கு ஒக்காரும்போது நீ இங்க டீ போடல? எட்டாயிரம் கிலோமீட்டரு. பத்தரை மணி நேரம் பறக்கணும். மெட்ராஸ் போறது, ஏர்போர்ட்ல காத்துக் கெடக்கறதுன்னு சேத்தா ஒரு நாளு ஓடிடும்."

ரோசா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஆறுதல் சொல்லவெல்லாம் வராது. "ஊறுகா எடுத்துட்டுப் போ" என்றேன்.

"அது அங்கயே கடையில கெடைக்குதாம்க்கா. புள்ள துரும்பா எளைச்சிட்டா. கேக்கறது கொழம்பு ஒண்ணுதான்."

பிறகு எழுந்து மார்க்கெட்டுக்குப் போனாள்.

தேங்காய் இல்லாமல், புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெயில் வெங்காய வடகம் தாளித்து, தெருவே மணக்கக் குழம்பு வைத்தாள். ஆறியதும் டப்பாக்களில் ஊற்றி என் ஃப்ரீசரில் அடுக்கினாள். என் வீட்டுப் பட்டாணியும் ஐஸ்கிரீமும் இரண்டு நாள் எதிர்வீட்டில் அகதியாக இருந்தன. குழம்பு கல்லானதும், மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, செய்தித்தாளும் பழைய சேலையும் சுற்றி, டேப்பை இழுத்து ஒட்டினாள். பெட்டி சூட்கேஸில் பாதியை அடைத்துக்கொண்டது.

அவள் புருஷன் அந்தோணி எட்டிப் பார்த்தார். "துணி எங்கடி வைப்ப?"

"கட்டியிருக்கறது போதும். நான் என்ன கல்யாணத்துக்கா போறேன்?"

நான்கு சேலைகள் வெளியே வந்தன.

அவள் கிளம்பிய மறுநாள் மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக வீடியோ கால் வந்தது. பாரிஸ் ஏர்போர்ட் வாசலில் நிற்கும் கார். முன்சீட்டில் லினெட், மடியில் டப்பா, கையில் பிய்த்த ரொட்டி. வாயெல்லாம் குழம்பு.

பின்சீட்டிலிருந்து ரோசாவின் குரல். "வீட்டுக்குப் போய்ச் சுட வச்சித் தரேன்னு சொன்னா கேக்கறாளா பாருக்கா. சில்லுனு அப்படியே திங்கறா. மாப்ள காரை எடுக்காம பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காரு."

"வாந்தி வருதாடி?" என்றேன்.

லினெட் தலையை ஆட்டி இல்லை என்றாள். பேச வாயில் இடமில்லை.

"முள்ளப் பாத்துத் தின்னு" என்று சொல்லிவிட்டு, சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.