மண்டூரிலிருந்து பட்டமளிப்புக்கு

காலை ஆறரைக்கு மண்டூர்த் துறையில் ‘பாதை’ புறப்படத் தயாராக நின்றது. வாவியைக் கடக்கும் இயந்திரப் படகை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். முந்தின நாள் முருகன் கோயிலுக்கு வந்த நான், மட்டக்களப்புக்கு வடக்கே இருக்கும் பல்கலைக்கழகத்தையும் பார்த்துவிட்டு வவுனியாவுக்குத் திரும்ப எண்ணியிருந்தேன். மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே பட்டுச்சேலை கசங்காமல் ஒதுங்கி நின்ற பெண்ணிடம் வழி கேட்டேன்.

“நானும் அங்கதான் போறன் தங்கச்சி. இண்டைக்கு எனக்குப் பட்டமளிப்பு.”

பெயர் தேவகி. பாலர் பாடசாலை ஆசிரியை. வகுப்புக்குப் போகாமல் வீட்டிலிருந்தே படித்து, நாற்பத்தைந்து வயதில் வெளிவாரிப் பட்டம் முடித்திருக்கிறார். கணவர் வரவில்லை, அவர்களுடைய வயல் வட்டைக்கு அறுவடை மெஷின் இன்றைக்குத்தான் கிடைத்ததாம்.

“நெல்ல விட்டுட்டு வாங்க எண்டு எப்பிடிச் சொல்ற? அவர்ர அழைப்பிதழ் கிடக்கு. நீங்க வாறீங்களா?”

“வாறன் அக்கா.”

நடுவாவியில், மிதந்து கிடந்த ஆற்றுவாழைச் செடிகள் படகின் விசிறியில் சுற்றிக்கொள்ள, பாதை நின்றது. ஒன்பதரைக்குள் மண்டபத்தில் இருக்க வேண்டும். படகோட்டிகள் கத்தியோடு குனிந்தார்கள். தேவகியின் உதடுகள் முருகனை அழைத்தபடி இருந்தன. ஒருவழியாகக் குருமன்வெளியில் இறங்கி, ஓட்டோவில் களுவாஞ்சிக்குடிக்கு விரைந்து, மட்டக்களப்பு பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தினோம்.

நகரில் பஸ் மாறி வடக்கே போகும்போதுதான் சொன்னார்.

“நான் பிறந்தது சித்தாண்டி. சண்டைப் பிரச்சினை நேரம் சனமெல்லாம் ஓடி இந்தக் கம்பஸுக்குள்ளதான் வந்த. எனக்கு அப்ப பத்து வயசு. விரிவுரை மண்டபத்தில அம்மாவோட நிலத்தில படுத்த நாங்க. கரும்பலகையில ஆரோ எழுதினது அழியாம இருந்த. விளங்கல்ல. ஆனா அதையே பாத்துக்கொண்டு கிடந்தன்.”

பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் கல்லூரியாகத் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. இன்று விவசாயம், விஞ்ஞானம், மருத்துவம் என்று விரிந்திருக்கிறது. வாசலில் தமிழும் சிங்களமும் கலந்து கேட்டன. தேவகி மேலங்கியை மாட்டிக்கொண்டே ஓடினார். வரிசை உள்ளே நகரத் தொடங்கியிருந்தது. முன்னால் நின்றவர்கள் விலகி இடம் விட்டார்கள். அவர் மேடையேறியபோது நான் கை வலிக்கத் தட்டினேன்.

விழா முடிந்ததும், அன்று அம்மாவோடு படுத்திருந்த பழைய கட்டடத்துக்கு என்னை அழைத்துப்போனார். அங்கே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கதவோரம் நின்று உள்ளே பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த மாணவி எழுந்துவந்து, மெதுவாகக் கேட்டாள்.

“ஆரையும் தேடுறீங்களா அன்ரி?”

“இல்ல மகள்,” என்றார் தேவகி. “நான் இஞ்ச படிச்சனான்.”

மேலங்கியைக் கழற்றாமலே பஸ் நிறுத்தம் வரை நடந்தார்.