பளிச்சென்று ஒரு தப்பு

ஆம்பூரில் என் கிளினிக்குக் கீழே மருந்துக்கடை வைத்திருக்கும் பாய், என் கையெழுத்து புரியாமல் தினமும் போன் செய்வார். அந்தப் பேஜாரே வேண்டாம் என்றுதான் மருந்துச்சீட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். போன் நின்றது.

ஷூ கம்பெனியில் பசை தடவும் செல்விக்கு அரிப்பு மாத்திரை தேடியபோது, திரையில் அதே மாதிரி பெயருள்ள பிரஷர் மாத்திரையைத் தொட்டுவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு வேலையில் மயங்கி விழுந்தவரைத் தூக்கி வந்தார்கள். கண் விழித்ததும், தப்பு என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். ஆனாலும் பாய் மேல் கோபம் வந்தது.

“ஒரு போன் பண்ணியிருக்கலாமே, பாய்?”

“உங்க எழுத்துன்னா கேப்பேன், டாக்டரம்மா. இது பளிச்சுனு இருக்குது. இன்னான்னு கேக்கறது?”

இப்போதும் பிரிண்ட்தான் தருகிறேன். அடியில் நோயின் பெயரை மட்டும் பேனாவால் எழுதுகிறேன். என் கையெழுத்து திருந்தவில்லை. பாய் மறுபடியும் போன் செய்கிறார்.