வழக்கிலிருந்து வீட்டுக்கு மாறிய வாழ்த்து

தம்பி மகள் அபிக்கு நாளை மறுநாள் கல்யாணம். தம்பியோடு எனக்குப் பேச்சில்லை. வாய்க்காலை மறித்து என் குறுவைப் பயிரைக் காயவிட்டவன். ஆனால் அபி, "பெரியப்பா, வாழ்த்து நீங்கதான் எழுதணும்" என்று கேட்டிருந்தாள்.

இன்று காலை ஏஐயிடம் எழுதச் சொன்னேன்.

"தண்ணீரை மறித்த வீட்டில் பிறந்தாலும் நீ நன்றாக வாழ்க" என்றது. எனக்கு அதில் தவறே தெரியவில்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "கல்யாண வாழ்த்தாங்க இது, வக்கீல் நோட்டீஸா? 'வழக்கு'ல கேட்டா அது வேற என்னத்த எழுதும்?"

அந்த ஏஐ செயலியில், நாம் சொல்லிவைப்பதைத் தனித்தனி நினைவகங்களாக வைத்துக்கொள்ளலாம். தம்பி மேல் போட்ட வாய்க்கால் கேஸுக்கான 'வழக்கு' என்னுடையது, 'வீடு' அவளுடையது. போனை வாங்கி 'வீட்டு'க்கு மாற்றினாள். "இப்ப கேளுங்க."

அதையே மறுபடி கேட்டேன்.

"பெரியப்பா காய்ச்சலில் கிடந்தபோது, அப்பாவுக்குத் தெரியாமல் தினமும் ரசம் கொண்டுவந்த பெண்ணே" என்று தொடங்கியது.

நான் மறந்தே போயிருந்தேன். மனைவி எப்போதோ அதனிடம் சொல்லி வைத்திருக்கிறாள். 'அப்பாவுக்குத் தெரியாமல்' என்பதை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினேன்.

அபி உடனே கூப்பிட்டாள். "இன்னும் ஞாபகம் வச்சிருக்கீங்களா பெரியப்பா?" என்றாள்.

"பின்ன?" என்றேன். மனைவி சிரித்தாள். அவளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

"அப்ப போன்ல இருக்கிற 'வழக்கை' அழிச்சிடவா?" என்று கேட்டாள்.

இருக்கட்டும் என்றேன். மேட்டூர் அணையில் தண்ணீர் திறந்தால் தம்பி மறுபடி வாய்க்காலை மறிப்பான், அப்போது தேவைப்படும். நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னது தப்பா?