ரோசாவுக்காகத் தேய்த்த கத்தி

உழவர்கரையில் மாடி அறை ஒன்று வாடகைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு செல்வகுமார் போன ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர் அமலநாதன் பின்பக்கக் குழாயடியில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஈரச் சாணைக்கல். ஒரு மடக்குக் கத்தியை அதன் மேல் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, மாவு தேய்ப்பதுபோல மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். வந்தவனை நிமிர்ந்து பார்க்காமலே என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார்.

செல்வகுமார் பேரைச் சொல்வதற்கு முன்பே பி.எஸ்சி. பிசிக்ஸ் என்று சொன்னான். எங்கே போனாலும் அப்படித்தான் சொல்வான். திண்டிவனம் பக்கத்தில் அவன் ஊரில், அவன் வீட்டில், பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவன். பட்டம் வாங்கிய போட்டோவை அவன் அப்பா கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க வருகிறவர்களிடம்கூட எடுத்துக் காட்டியவர்.

அமலநாதன் அப்போதுதான் தலையைத் தூக்கினார்.

"அப்ப ஸ்க்ரூ கேஜ் பாக்கத் தெரியும்."

அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் எப்போது வரும் என்பதெல்லாம் அப்புறம்தான் பேசினார்கள்.

அமலநாதன் டவுனில் ஓர் அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் கட்டுக் கட்டாக அவர் கைக்கு வந்து நான்கு ஓரமும் நேராகித்தான் வெளியே போகும். முப்பத்திரண்டு வருஷம் காகிதத்தையும் அதை வெட்டும் இரும்பையும் பார்த்தவர். அவர் மனைவி ரோசாவுக்குக் கன்னத்தின் உள்ளே வந்த கட்டிக்குக் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆகி, கரண்டு எனப்படும் கதிர்வீச்சும் வைத்து முடித்திருந்தார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் தாடை இறுகிப்போய், வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை.

மிக்ஸியில் அடித்துக் கொடுத்ததை எல்லாம் ரோசா இரண்டு மடக்கோடு தள்ளிவிடுவார். கஞ்சி, ஜூஸ், சூப் எல்லாம் அவருக்கு ஒரே ருசி. "பல்லுல பட்டாத்தான சாப்ட்ட மாதிரி இருக்கும்" என்பார். கொய்யாப்பழம் என்றால் அவருக்கு உயிர். எடை முப்பத்தெட்டு கிலோவுக்கு வந்திருந்தது. முப்பத்தாறுக்குக் கீழே போனால் மூக்கு வழியாக டியூப் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்துப் படுக்கைக்காரிக்கு டியூப் போட்டதைப் பார்த்த நாளிலிருந்து ரோசா அந்த வார்த்தையைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். வியாழக்கிழமைதோறும் எடை பார்க்க வேண்டும்.

ஆக, அந்த வீட்டில் எல்லாமே ஒரு கொய்யாத் துண்டின் தடிமனில் வந்து நின்றது. பற்களின் இடுக்கில் நுழைய வேண்டும், நுழைந்தபிறகு மெல்லவும் கிடைக்க வேண்டும்.

அந்த மடக்குக் கத்தியைப் பாரிசில் இருக்கும் அமலநாதனின் தங்கை புருஷன் எப்போதோ கொண்டுவந்து கொடுத்தார். நல்ல இரும்பு. ஆனால் கயிறு அறுக்கவும் மரம் சீவவும் செய்த கனத்த அலகு. எவ்வளவு கூர் தீட்டினாலும் கொய்யாவில் மெலிசாக இறங்கும்போது துண்டு பாதியில் விரிந்து உடைந்துவிடும். கடையில் வாங்கிய சமையல் கத்தி மெலிசுதான், இரண்டே நாளில் அதன் வெட்டுவாய் மடங்கிவிட்டது. ரோசாவுக்கு எப்போது பசிக்கும் என்றும் சொல்ல முடியாது. பஸ்ஸில் வரும்போது கேட்பார், ஓ.பி. வரிசையில் கேட்பார். சட்டைப் பையில் மடக்கி வைத்துக்கொள்ளும் கத்தி என்றால்தான் சரிப்படும்.

"முனை கூராத்தான் இருக்கு தம்பி. அதுக்குப் பின்னால இருக்கற சததான் பழத்தப் பொளக்குது. மெஷின் பிளேடும் அப்படித்தான். பின்னால தடிமனா இருந்தா பேப்பர வெட்டாது, தள்ளும்" என்றார் அமலநாதன்.

அதனால் முனையை விட்டுவிட்டு அலகின் இரண்டு பக்கத்தையும் தேய்த்து மெலிதாக்கிக்கொண்டிருந்தார். இரும்பு சூடாகிவிட்டால் உறுதி போய்விடும் என்று மோட்டார் சாணை பக்கம் போகவில்லை. எல்லாம் கையால், தண்ணீர் விட்டு. தடிமனை அளக்க, லேத் பட்டறை தெய்வசிகாமணியிடம் டிராயரில் சும்மா கிடந்த ஸ்க்ரூ கேஜை வாங்கி வைத்திருந்தார். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை சொல்லும் கருவி. அதிலிருந்த பொடிக் கோடுகள் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

செல்வகுமாருக்குத் தெரிந்தது. கல்லூரி லேபில் கம்பியையும் கண்ணாடித் துண்டையும் அளந்தவன். இன்சூரன்ஸ் ஆபீஸில் சேர்ந்த பிறகு அவன் படித்த பிசிக்ஸை ஒரு ஆள்கூடக் கேட்டதில்லை. இங்கே ஒரு மனிதர் கேட்டார். வேலை முடிந்து வந்ததும் கத்தியின் வாயிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, அந்த இடத்தில் அளந்து சொல்வான். முதல் நாள் பாயிண்ட் ஏழு. பத்து நாளில் பாயிண்ட் ஐந்து. பிறகு பாயிண்ட் மூன்று ஐந்து.

பாயிண்ட் மூன்றுக்கு வந்தபோது கொய்யாத் துண்டு உடையாமல் சுருண்டு வந்தது. ரோசா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பல்லைத் திறக்க முடியாமல் அடங்கிய குரலில்தான் சொன்னார், ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"பூசைல குடுக்கற அப்பம்கூட இத விடத் தடிமன். பாதர் பாத்தா கோச்சிக்கப் போறாரு."

பற்களின் நடுவே அதைச் செருகி, நாக்கால் ஒதுக்கி, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அன்றைக்கு முழுசாக ஒரு பழம். அந்த வியாழக்கிழமை முப்பத்தேழரை, அடுத்த வியாழக்கிழமையும் அதே முப்பத்தேழரை. எடை இறங்காமல் நின்றதற்கே அமலநாதன் ஜென்மராக்கினி மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார்.

ஆனால் தாடை மேலும் இறுகிக்கொண்டே வந்தது. நேற்று நுழைந்த துண்டு இன்று நுழையவில்லை. கத்தி பாயிண்ட் இரண்டு ஐந்தில் இருந்தது. அமலநாதன் கட்டைவிரலை அலகின் மேல் ஓட்டிப் பார்த்து, இத்தோடு நிறுத்திக்கலாம்போல இருக்கிறது என்றார்.

கத்தி தீட்டுவதைப் பற்றிச் செல்வகுமார் போனில் நிறையப் படித்திருந்தான். பாயிண்ட் இரண்டு வரைக்கும் தைரியமாகப் போகலாம் என்று எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள்.

"இன்னும் எடம் இருக்கு அங்கிள். அளவு பொய் சொல்லாது" என்றான்.

 அமலநாதன் கல்லில் தண்ணீர் தெளித்தார். மூன்று நாள் தேய்த்தார். பாயிண்ட் இரண்டு.

அடுத்த நாள் காலை ரோசா ஒரு துண்டு சாப்பிட்டு, இரண்டாவதை மென்றுகொண்டிருந்தார். மூன்றாவதை வெட்டும்போது காம்புக் கட்டையில் கத்தி சிக்கியது. அமலநாதன் லேசாகத் திருப்பினார். சத்தம்கூட வரவில்லை. கத்தியை வெளியே எடுத்துப் பார்த்தபோது அதன் வாயில் ரவை அளவுக்கு ஒரு சில்லு இல்லை. இப்போது பெயர்ந்ததா, முந்தைய துண்டுகளை வெட்டும்போதே பெயர்ந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை.

ரோசா வாயிலிருந்ததைத் துப்பினார். முதல் துண்டு உள்ளே போய்விட்டது. தட்டிலிருந்த பழத்தையெல்லாம் நசுக்கி, பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மேலே வைத்து இழுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஒட்டவில்லை. ஆட்டோ பிடித்துக் கோரிமேட்டுக்கு ஓடினார்கள். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை, அப்படியே போயிருந்தாலும் அவ்வளவு சின்னது தானாக வெளியேறிவிடும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார்.

பயம் போகவில்லை. வேறு கத்தியில் வெட்டித் தந்தாலும் ரோசா தலையை ஆட்டிவிடுவார். மகள் மெரின் காரைக்காலிலிருந்து வந்து கெஞ்சிப் பார்த்தாள். ரோசாவின் உதடு திறக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை முப்பத்தைந்து எண்ணூறு.

ஸ்க்ரூ கேஜைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று அதற்கு முந்தின நாள் செல்வகுமார் அதைத் துடைத்து முழுக்க மூடினான். மூடினால் பூஜ்யம் காட்ட வேண்டும். எட்டு கோடு தள்ளி, பாயிண்ட் பூஜ்யம் எட்டு காட்டியது. இரண்டாவது முறை மூடிப் பார்த்தான், மூன்றாவது முறையும் பார்த்தான். ஸீரோ எரர். கருவியிலேயே இருக்கும் பிழை. அளக்கும் முன் அதைப் பார்த்துக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் லேபில் முதல் நாள் சொல்லித்தந்த பாடம். ஒன்றரை மாதத்தில் ஒரு நாளும் அவன் பார்க்கவில்லை. பாயிண்ட் இரண்டு என்று அவன் சொன்ன இடத்தில் இருந்தது பாயிண்ட் ஒன்று இரண்டு. போதும் என்று அவர் சொன்ன அன்றைக்கே கத்தி போதுமான அளவைத் தாண்டியிருந்தது.

எடை பார்த்த அன்றைக்கே ரோசாவுக்கு டியூப் போட உள்ளே அழைத்துப் போயிருந்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அமலநாதனிடம் அவன் எல்லாவற்றையும் சொன்னான். நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அவர் வராந்தாவில் போகிற ஸ்ட்ரெச்சரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கட்ட வெரலுக்கு அன்னிக்கே தெரிஞ்சிச்சி தம்பி. நீ படிச்ச புள்ள, அளவு சொல்றியேன்னு உட்டுட்டேன்."

குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. சிறிது நேரம் கழித்து, அவனுக்கு டீ வாங்கித் தரட்டுமா என்று அவர்தான் கேட்டார்.

டியூப் போட்டது அவ்வளவாக வலிக்கவில்லை என்று ரோசா ஒரு தாளில் எழுதிக் காட்டினார். வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், கொய்யா வாங்கி வந்து என் எதிரே நீங்கள் சாப்பிடுங்கள், நான் பார்க்கிறேன் என்று எழுதினார். அமலநாதன் வாங்கி வந்தார். ஒரு கடி கடித்துவிட்டு, அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் எழுந்து வெளியே போனார். ரோசா மீதிப் பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

கட்டி நுரையீரலுக்குப் பரவியிருந்தது பிறகுதான் தெரிந்தது. வாயால் சாப்பிட்டிருந்தாலும் இதே முடிவுதான் என்று டாக்டர் அமலநாதனிடம் சொன்னார், செல்வகுமாரிடமும் தனியாகச் சொன்னார். இருக்கலாம். ஆனால் கடைசி ஏழு வாரம் ரோசா எதையும் மெல்லாமல் கழித்தார் என்பது மாறப்போவதில்லை.

ரோசா இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. முப்பதாம் நாள் நினைவு அட்டையை அமலநாதனே வெட்டினார், இருநூறு அட்டை. செல்வகுமார் இன்னமும் மாடியில்தான் இருக்கிறான். அமலநாதன் தினமும் ஒன்பது மணிக்கு அச்சகத்துக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்புகிறார். மதியம் அங்கேயே ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டுக்கொள்கிறார்.